புனித லூசியாவின் இடது கண்

கண்களுக்குக் காவலாக இருக்கும் புனித லூசியாவின் கண்ணையே பிடுங்கிய பெருமை, இத்தாலியின் கதோரே பள்ளத்தாக்கில் எலிசேயோ ஒருவனுக்குத்தான் உண்டு. அதையும் அவளுடைய திருநாளன்றே, ஊரே வேடிக்கை பார்க்க, பேண்டுக்காரர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்ற நேரத்தில் செய்து முடித்தான்.

டிசம்பர் பதின்மூன்று. பூசை முடிந்து, லூசியாவின் மரச்சிலையை ஆறு பேர் தோளில் ஏற்றிக்கொண்டு கோயில் படியில் இறங்கினார்கள். சிலையைத் தாங்கும் தோள்கட்டைகளில் முன்வரிசை இடது கட்டை எலிசேயோவுடையது. படியில் பனி கிடையாது. கோயில்பிள்ளை விடிந்ததுமே பெருக்கித் தள்ளி, உப்பும் தூவி வைத்திருந்தார். முதல் படி ஒழுங்காக இருந்தது. இரண்டாவது படி கொஞ்சம் ஆடியது, ஆனாலும் இருந்தது. மூன்றாவது படி, எலிசேயோவின் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இல்லவே இல்லை.

காலை வைத்தான், காற்றில் வைத்தான். முழங்கால் மடங்கியது, கட்டை சரிந்தது. மற்ற ஐந்து பேரும் "ஏய் ஏய் ஏய்" என்று அலறிக்கொண்டு சிலையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள். லூசியா விழவில்லை; அவளைப் பீடத்தோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அவள் கையில் ஏந்தியிருந்த தட்டை யாரும் முடுக்கியிருக்கவில்லை. தட்டு எகிறிப் படியில் மோதியது. அதில் வைத்திருந்த இரண்டு மரக்கண்களில் இடது கண் தெறித்து, படி படியாகக் குதித்திறங்கி, பெரிய மேளக்காரனின் கால்களுக்கு நடுவே புகுந்து, ஓரத்தில் குவித்திருந்த பனிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஊரே மூச்சுவிடாமல் நின்ற அந்த நொடியில் எலிசேயோ ஒரு வார்த்தை சொன்னான். அந்தப் பக்கத்து ஆண்கள் சுத்தியல் விரலில் பட்டால் சொல்கிற வார்த்தை. கடவுளையும் பன்றியையும் ஒரே மூச்சில் சேர்க்கும். பங்குச் சாமியார் தோன் ஃபௌஸ்தோவின் காது ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

"ஒம்பது வருஷம் தாங்குனதே பெருசு, மாப்ளே!" என்றான் பின்கட்டையிலிருந்த ஜெர்வாசியோ. ஊரின் ஒரே மதுக்கடை அவனுடையது.

நாலு பேர் சிரித்தார்கள். எலிசேயோ நிமிர்ந்து கூட்டத்தில் நோர்மாவைத் தேடினான். அவன் மனைவி கையில் மெழுகுவத்தியோடு படிக்குக் கீழேதான் நின்றிருந்தாள். கால்சட்டை கிழிந்து முழங்காலில் ரத்தம் வழிந்தது. அவள் முழங்காலைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு எலிசேயோ எப்படிக் குடித்தான் என்பதை இங்கே விரித்தால் கதை அங்கேயே படுத்துவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம்: ஊர் நடுவிலிருக்கும் நீரூற்றுத் தொட்டியைத் தன் வீட்டுக் கட்டில் என்று நினைத்து, காலணியை ஒழுங்காகக் கழற்றிக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு அதில் படுத்தவன் அவன். மறுநாள் நோர்மா சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவைன்னா நான் ஃபெல்த்ரேல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்" என்று, உப்பு வாங்கப் போவதைச் சொல்கிற குரலில் சொன்னாள். அன்றோடு நிறுத்தினான். அதன் பிறகு சமையலறை அலமாரியில், கிறிஸ்துமஸ் கேக்குக்கும் விருந்தாளிக்கும் என்று, பேரிக்காய் ஊறிய கிராப்பாச் சாராய பாட்டில் ஒன்று பூட்டில்லாமல் நின்றது. எலிசேயோ தினமும் அதற்குப் பக்கத்திலிருந்துதான் சர்க்கரை டப்பாவை எடுப்பான். மற்றவர்கள் மார்பில் குத்திக்கொள்கிற பதக்கத்தை அவன் அலமாரியில் வைத்திருந்தான், அவ்வளவுதான்.

திருநாளுக்கு மறுநாள் காலை சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனபோது பாட்டிலைக் காணவில்லை.

"பாட்டில் எங்க நோர்மா?"

"எந்தப் பாட்டில்?"

"இங்க என்ன, பாட்டில் தோப்பா இருந்துச்சு? ஒண்ணுதானே இருந்துச்சு!"

"அலமாரியத் தொடைச்சேன். எங்கயாவது எடுத்து வச்சிருப்பேன்."

"என்னப் பாத்துச் சொல்லு. நான் குடிச்சேன்னு நெனைக்கிறியா?"

"காபி ஆறுது" என்றாள் நோர்மா.

கோபத்தில் சர்க்கரை போடாமலே காபியைக் குடித்துவிட்டு, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் போனான். அங்கே அவனுடைய கோபம் கதவருகிலேயே நின்றுவிட்டது. பரண்மேல் கிடக்க வேண்டிய பழுப்புப் பெட்டி, ஜன்னலுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"இது எதுக்கு எறங்கிச்சு?"

"பூஞ்சக் காளான் வாடை. காத்தாட வச்சிருக்கேன்" என்றது சமையலறையிலிருந்து குரல்.

டிசம்பரில், வெளியே தண்ணீர்க் குழாய் உறைந்து கிடக்கும்போது, பெட்டியைக் காற்றாட வைக்கிற பெண்ணை உலகத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

தான் குடிக்கவில்லை என்பது எலிசேயோவுக்குத் தெரியும். அப்படியானால் படி ஏன் நகர்ந்தது? யோசிக்க யோசிக்க அவன் கை தானாக மூக்கின் மேல் போய் நின்றது. இரண்டு வாரம் முன்புதான் புதுக்கண்ணாடி வந்திருந்தது. தூரப் பார்வை மேலே, படிக்கிற பார்வை கீழே, நடுவில் கோடு கிடையாது, புரோகிரெசிவ். பழையதும் அதே வகைதான், பவர் மட்டும் போதாமல் போயிருந்தது. இந்த முறை கண்ணாடிக்கடை லோரெத்தா, "இது டிஜிட்டல் அண்ணே. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வெட்டுறது. பழசெல்லாம் இது பக்கத்துல நிக்காது" என்று வாயாரப் புகழ்ந்து கொடுத்திருந்தாள்.

எலிசேயோ நியாயவான். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பான். ஆகவே செவ்வாய்க்கிழமை, தான் வேலை பார்க்கும் கண்ணாடி ஃப்ரேம் பட்டறையின் மதிய இடைவேளையில், சட்டைப்பையில் பழைய கண்ணாடியும் மூக்கில் புதுக்கண்ணாடியுமாகக் கோயில் படிக்குப் போனான். புதுசோடு இறங்கினான்: மூன்றாவது படியில் தரை மங்கி, அலையாடி, கிட்டே வந்ததுபோல் தோன்றியது. ஏறினான், கண்ணாடியை மாற்றினான், பழசோடு இறங்கினான்: படி படியாக இருந்தது. மறுபடி ஏறினான். ஒரு மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினால்தான் உண்மை தெரியும் என்று பட்டதால், மேளக் கொட்டகையிலிருந்து ஏணி ஒன்றை இழுத்து வந்து இடது தோளில் ஏற்றிக்கொண்டான். புதுசு, பழசு, புதுசு, பழசு. ஒவ்வொரு புதுசுக்கும் அந்தப் பன்றி வார்த்தை ஒன்று.

நிமிர்ந்து பார்த்தால் மதுக்கடை ஜன்னலில் ஏழெட்டு முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஜெர்வாசியோ கையில் துடைக்கிற துணியோடு வெளியே வந்தான். "மாப்ளே, கூரைக்குப் போகணும்னா ஏணியச் சாத்தி வச்சு ஏறணும். தோள்ல வச்சுக்கிட்டுப் படியில ஏறக் கூடாது."

"கண்ணாடியச் சோதிக்கிறேன்டா!"

"நல்லது. கிளாஸ மட்டும் அடிக்கடி நெரப்பிச் சோதிச்சுடாதே."

"ஜெர்வாசியோ, ஒழுங்கா ஒரு பதில் சொல்லு. நான் உன் கடைக்குள்ள கால் வச்சு எத்தன வருஷம் ஆச்சு?"

"அதான் எனக்கும் வருத்தம். குடிக்கிறதுன்னு முடிவு பண்ணுனா நம்ம கடையில குடிச்சிருக்கலாம். பக்கத்து ஊர்க்காரனுக்கு ஏன் காசக் குடுக்கிற?"

"நான் குடிக்கலடா மடையா!"

"நான் என்ன குடிச்சேன்னா சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலியே. என்னய்யா, நான் ஏதாவது சொன்னனா?" என்று ஜன்னல் முகங்களைக் கேட்டான். முகங்கள் எல்லாம் நேர்மையாகத் தலையாட்டின. ஒன்றும் சொல்லவில்லையாம்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குள்ளிருந்து தோன் ஃபௌஸ்தோ வந்தார். எலிசேயோ ஏணியோடு திரும்பினான். ஏணியின் மறுமுனை சாமியாரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது.

"சாமி, நீங்களாவது சொல்லுங்க. அன்னிக்கு எம்பக்கத்துலதானே நின்னீங்க. எங்கிட்ட குடி வாடை அடிச்சுதா இல்லையா?"

சாமியார் குனிந்து தொப்பியை எடுத்தார். "எலிசேயோ, மனுஷனோட உள்ளத்த ஆண்டவர் அறிவார்."

"உள்ளத்தக் கேக்கல சாமி. வாயக் கேக்குறேன்."

"எனக்கு அன்னிக்கு ஜலதோஷம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தட்டிக்கொண்டே அவர் போய்விட்டார். போகிற போக்கில், இடது கண்ணைப் பிள்ளைகள் இன்னும் பனியில் தேடுவதாகவும், கிடைத்தால் ஒட்டுகிற செலவைப் பிறகு பேசலாம் என்றும் சொன்னார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

லோரெத்தாவின் கடைக்குள் எலிசேயோ நுழைந்தது, கதவைத் திறந்துகொண்டா உடைத்துக்கொண்டா என்று சொல்வது கஷ்டம். மேலே கட்டியிருந்த மணி அறுந்து விழுந்தது.

"உன் கம்ப்யூட்டர் கண்ணாடி என்னய ஊருக்கு முன்னால மண்டி போட வச்சிருச்சு."

லோரெத்தா நாற்பதைத் தாண்டியவள், கெட்டிக்காரி, பேச்சில் தேன் வழிகிறவள். அன்றைக்குத் தேன் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. "பழகணும் அண்ணே. புதுசு எல்லாருக்கும் ரெண்டு மூணு வாரம் அப்படித்தான்…"

"பழசு போட்ட அன்னிக்கே பழகிச்சே. பன்னெண்டு வருஷம் அதோடதான் லூசியாவத் தூக்குனேன். அப்ப ஒரு படி நகரல."

"இது அதவிட நல்ல லென்ஸ் அண்ணே."

"நல்ல லென்ஸ்னா ஏன் நான் விழுந்தேன்?"

"அது… பல காரணம் இருக்கும்."

"பல காரணம்னா? நீயும் அதத்தான் சொல்ல வர்றியா?"

"ஐயோ, நான் எதுவுமே சொல்லல அண்ணே!" அவள் அவசரமாக ஃபோனை எடுத்தாள். "லென்ஸ் வெட்டுன லேபையே கேட்டுருவோம்."

லேப் கீழே சமவெளியில் எங்கோ இருந்தது. ஒலிபெருக்கியில் இளைஞன் ஒருவனின் குரல், தூக்கத்தில் இருப்பவனைப்போல மிருதுவாக வந்தது. ஆர்டர் எண்ணைக் கேட்டான், தட்டினான், சொன்னான்: "நீங்க அனுப்புன அளவுக்கு நூல் பிசகாம வெட்டியிருக்கோம் மேடம். பரிசோதனையிலயும் பாஸ் ஆயிருக்கு."

"தம்பி, பாஸ் ஆன கண்ணாடியப் போட்டுக்கிட்டு நான் ஃபெயில் ஆயிட்டேன்" என்று கத்தினான் எலிசேயோ. "என்ன அளவு அனுப்புனாங்க?"

அந்தப் பக்கத்துக் குரல் தூக்கத்திலிருந்து விழித்துக்கொண்டது. "அதக் கடையிலதான் சார் கேக்கணும்."

எலிசேயோ திரும்பினான். லோரெத்தா அறுந்து விழுந்த மணியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். "மறுபடி ஒரு ஜோடி வெட்டச் சொல்றேன் அண்ணே. என் பொறுப்பு. இதப் பெருசு பண்ண வேணாம்" என்றாள்.

பெருசு பண்ண வேண்டாமாம்! எலிசேயோவுக்கு மூக்கிலிருந்து புகை வராத குறை. தெருவில் இறங்கி வீடுவரை தனக்குத்தானே சண்டை போட்டுக்கொண்டு நடந்தான். லோரெத்தாவைத் திட்டினான், லேப் பையனைத் திட்டினான், ஜெர்வாசியோவை அவன் பாட்டனிலிருந்து ஆரம்பித்துத் திட்டினான். நாலு பேருக்கும் சாமியாரைச் சேர்த்து ஒரே வியாதி: கேட்டால் பதில் சொல்கிறார்கள், கேட்டதற்குச் சொல்வதில்லை. தோள்கட்டையை வேறு எவனுக்காவது கொடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. கொடுக்கட்டும். அந்தக் கட்டையின் முடிச்சு எலும்பில் எங்கே குத்தும் என்று புதுசாகத் தூக்குகிறவனுக்கும் தெரியட்டும். பெட்டி மட்டும் பரணுக்குத் திரும்பிப் போனால் போதும்.

திரும்பிப் போகவில்லை. வெள்ளிக்கிழமை அதற்குள் ஒரு கம்பளிச் சட்டை வந்து உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை காலை அதன் பக்கத்தில் செருப்பு ஒரு ஜோடி.

"செருப்பும் காத்தாடுதா?" என்றான் எலிசேயோ.

நோர்மா பொலென்டா என்கிற சோளமாக் களியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. மர அகப்பை பானையின் அடியில் கரகரவென்று சுற்றியது. "தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல. போய்ப் பாக்கலாம்னு ஒரு எண்ணம்."

"எப்ப சரியில்லாமப் போச்சு? நேத்து ஃபோன்ல ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களே."

"சிரிச்சா ஒடம்பு நல்லாருக்குன்னு அர்த்தமா?"

எலிசேயோ அடுப்பை அணைத்தான். பொலென்டா பாதி வெந்து, குபுக்கென்று ஒரு குமிழி விட்டு அடங்கியது. முப்பது வருடக் குடித்தனத்தில் நோர்மாவின் அடுப்பில் கை வைத்தது அதுதான் முதல்முறை. இருவருமே கொஞ்சம் பயந்துபோனார்கள்.

"கோட்டப் போடு. எங்கூட லோரெத்தா கடைக்கு வா."

"எதுக்கு?"

"நான் கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டேங்குறான். நீ பக்கத்துல நில்லு. அப்புறம் ஃபெல்த்ரேக்குப் போறதுன்னா நானே பஸ் ஏத்தி விடறேன்."

நோர்மா அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் லோரெத்தா கடைக்கதவின் பலகையைத் 'திறந்திருக்கிறது' என்பதிலிருந்து 'மூடியிருக்கிறது' என்று திருப்பிவிட்டாள். நல்லவேளை, அவர்கள் உள்ளே வந்த பிறகுதான் திருப்பினாள்.

எலிசேயோ இரண்டு கண்ணாடிகளையும் கல்லாமேசைமேல் வைத்தான், கத்தி வைப்பதுபோல. "இது பழசு. இது புதுசு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு இவளுக்குச் சொல்லு. நல்லது, சூப்பரு, டிஜிட்டலுன்னு சொன்னியோ, கடையக் கொளுத்திருவேன்."

லோரெத்தா பழைய கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இதோட முன்பக்கம் இருக்குல்ல அக்கா, இந்த மேல கீழ பவர் மாறுற வளைவு, அது அச்சுல வார்த்தது. ரெடிமேடா வரும். பின்பக்கத்துல மட்டும் அண்ணனோட பவரத் தேய்ச்சுக் குடுப்பாங்க. இந்தப் பவர் உள்ள எல்லாருக்கும் ஒரே வளைவுதான். கடையில வாங்குற பூட்ஸ் மாதிரி. ஒருத்தருக்கும் கச்சிதமா இருக்காது, ஒருத்தரையும் கடிக்கவும் கடிக்காது. படிக்கிற இடம் ரொம்பக் கீழ கெடக்கும். அதான் படி எறங்கறப்ப அது குறுக்க வரல."

"புதுசு?"

"புதுசுல அச்சு கெடையாது. பின்பக்கத்துல ஒரு வைரமுனை புள்ளி புள்ளியா வெட்டிட்டுப் போகும். எங்க எவ்வளவு வெட்டணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். கண்ணாடி கண்ணுலேருந்து எவ்வளவு தள்ளி நிக்குது, எவ்வளவு சாஞ்சு நிக்குது, கண்மணி எந்த ஒசரத்துல வருது, எல்லாம் கணக்கு. அளந்து தெச்ச கோட்டு மாதிரி. ஒழுங்கா அமைஞ்சா ஓரத்துல ஆடுற மங்கல் கொறையும், பாக்குற எடம் அகலமாகும். நான் பொய் சொல்லல, நல்ல சாமான்தான்."

"அளந்து தெச்ச கோட்டுல எப்படிம்மா எம்புருஷன் விழுந்தாரு?" என்றாள் நோர்மா. அதிகம் பேசாதவள் கேட்கிற கேள்வி கல்மாதிரி வந்து விழும். "நீ இவர அளந்தியா?"

லோரெத்தா எலிசேயோவைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். பிறகு, குளிர்ந்த தண்ணீரில் குதிக்கிறவளைப்போல ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "இல்ல" என்றாள்.

"இல்லியா!" என்று எலிசேயோ எகிறினான்.

"எப்படி அளக்குறது? ஃப்ரேம் மேல கிளிப்ப மாட்டி ஃபோட்டோ எடுக்கணும்னேன். ஞாபகம் இருக்கா? என்ன சொன்னீங்க? 'முப்பத்தஞ்சு வருஷமா ஃப்ரேம் பண்றவன் மூஞ்சியில குதிரைக்குக் கடிவாளம் போடற மாதிரி மாட்டுவியா'ன்னு கையத் தட்டி விட்டீங்க. இந்தக் கடையில தொங்குற பாதி ஃப்ரேம் உங்க பட்டறையில நீங்க நிமித்திக் குடுத்தது. உங்களுக்கு நான் ஃப்ரேம் எங்க ஒக்காரணும்னு சொல்லித் தர்றதா? வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"விட்டுட்டு?"

"அந்த எடத்த காலியா விட்டா மெஷின் ஆர்டர எடுத்துக்காது. சராசரி நம்பர் ஒண்ணு வச்சிருக்காங்க. அதப் போட்டேன். ஒசரம் மட்டும் பேனாவால குத்துமதிப்பாக் குறிச்சேன்."

"சராசரின்னா யாரு மூஞ்சி அது?"

"யாருதும் இல்ல அண்ணே. எல்லா மூஞ்சியையும் கூட்டி வகுத்தது. அப்படி ஒருத்தன் பொறந்திருக்கானான்னே தெரியாது."

எலிசேயோ நெற்றியில் அடித்துக்கொண்டான். "பொறக்காத ஒருத்தனோட கண்ணாடியப் போட்டுக்கிட்டு நான் சாமி தூக்கியிருக்கேன்! கேட்டியா நோர்மா? கேட்டியா? நான் ஊர்ல குடிகாரன், இவ இங்க மணியக் கட்டிட்டு ஒக்காந்திருக்கா!"

"இன்னும் முடியல" என்றாள் லோரெத்தா. ஒருமுறை உண்மை சொல்ல ஆரம்பித்தவளுக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. புதுக்கண்ணாடியை எடுத்து மூக்கு அளவுக்கு நேராகப் பிடித்தாள். "நான் குடுத்தப்ப இது இப்படியா இருந்துச்சு? மூக்குப் பாலம் இறுகியிருக்கு. காதுல மாட்டுற கை ரெண்டும் நிமிந்திருக்கு. யார் பண்ணுனது?"

எலிசேயோ சட்டென்று சுவரில் தொங்கிய ஃப்ரேம்களை ஆராய ஆரம்பித்தான்.

"அன்னிக்குச் சாயங்காலமே பட்டறைக்கு எடுத்துட்டுப் போனாரு" என்றாள் நோர்மா. "சூடு காட்டி வளைச்சு எடுத்துட்டு வந்து, 'இப்பத்தான் ஃப்ரேம் ஃப்ரேமா இருக்கு'ன்னாரு."

"கீழ வழியுது!" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னான் எலிசேயோ. "வேல செய்யுறவனுக்கு வேர்க்கும். ஃப்ரேம் மேல ஏறி நிக்கணும். பழசையும் அப்படித்தான் வளைச்சேன், அது ஒண்ணும் சொல்லல."

"அது பூட்ஸ், சொல்லாது. இதுல நான் குத்துமதிப்பாக் குறிச்ச ஒசரத்தால படிக்கிற இடம் ஏற்கெனவே மேல. நீங்க ஃப்ரேமத் தூக்குனதும் அது இன்னும் மேல வந்துருச்சு. சாதாரணமா நடக்கறப்ப தலையக் குனிஞ்சு மேல்பக்கத்தால தரையப் பாத்துக்குவீங்க. தோள்ல கட்டை அழுத்திக்கிட்டு இருந்தா தல குனியுமா? கண்ணு மட்டும் கீழ போகும். புஸ்தகம் படிக்கிற பவர்ல, அதோட ஓரத்து மங்கல்ல, படியப் பாத்திருக்கீங்க. யாரா இருந்தாலும் விழுவாங்க. ஃப்ரேம் பட்டறை நெறஞ்ச இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்தனாவது குடுத்த ஃப்ரேம குடுத்த மாதிரி போடறானா? எல்லாவனும் வீட்டுக்குப் போய் வளைக்கிறான். அப்புறம் எங்கிட்ட வந்து கத்துறான்!"

இப்போது கடையில் கத்திக்கொண்டிருந்தது லோரெத்தாதான். எலிசேயோவுக்குத் திருப்பிக் கத்த ஆசை. கோபம் நிறைய இருந்தது. அதைக் கொண்டுபோய் யார் மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. பாதி இவள் மேல் என்றால், மீதிப் பாதி அவன் பட்டறையில், அவன் கைச்சூட்டில், அவனே வளைத்தது. அவன் கையால் அத்தனை நேர்த்தியாக வளைத்ததைப் பார்த்து அன்றைக்கு விசில் வேறு அடித்திருந்தான்.

"ஜெர்வாசியோ கடையில வந்து இதச் சொல்லுவியா?" என்று கடைசியாகக் கேட்டான்.

"சொல்றேன். சாமியார்கிட்டயும் சொல்றேன். நான் அளக்கலன்னும் சொல்றேன், நீங்க வளைச்சீங்கன்னும் சொல்றேன்."

"ரெண்டாவத மெதுவாச் சொல்லு."

லோரெத்தா அந்தக் கிளிப்பை எடுத்து வந்தாள். எலிசேயோ அசையாமல் உட்கார்ந்தான். மூக்கில் கடிவாளம் ஏறியது. நேராகப் பார்க்கச் சொன்னாள். நேராக நோர்மாதான் நின்றிருந்தாள், கோட்டுப் பொத்தானை அவிழ்க்காமல், கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. ஃபோட்டோ எடுக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாரமாக ஊர் முழுக்கத் தெருத்தெருவாகக் கேட்ட கேள்வியை, கேட்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக நின்று கேட்கவே இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. சமையலறையில் கேட்டது கேள்வியா? அது சத்தம்.

"நோர்மா" என்றான் கிளிப்போடு. குரல் தடித்து, குதிரை கனைப்பதுபோலத்தான் வந்தது. "நான் குடிச்சேன்னு நெனச்சியா?"

லோரெத்தா மணியைச் சரிசெய்யப் போவதுபோலக் கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"நெனச்சேன்" என்றாள் நோர்மா. "நீ தூங்கறப்ப வாய மோந்து பாத்தேன். பல்பொடி வாடைதான் அடிச்சுது. அப்பவும் நெனச்சேன். போறதுக்குத்தான் பெட்டிய எறக்குனேன்."

"இப்ப?"

"இப்ப போகல. பெட்டிய மேல வைக்கணும். நீ ஏணியில ஏறாதே, புதுசு வர்ற வரைக்கும் ஏறாதே. நீ கீழ நின்னு பிடி. நான் ஏறுறேன்."